தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையில் பார்த்த இந்தப் புரோட்டியா மரம் எந்த வகை?

சாட்ஸ்வொர்த்_அக்கா:
பிப்ரவரி தொடக்கத்தில் மங்க்ஸ் கவுல் பக்கம், ஸ்பிங்ஸ் பாறைக்கு ஏறும் பாதையில் இந்த மரத்தைப் பார்த்தேன். என்னைவிட உயரம், அடிமரம் நல்ல கறுப்பு. இலைகள் கிளை நெடுக இல்லை. நுனியில் கொத்தாக மேல்நோக்கி நிற்கின்றன. இளம் இலையைத் தடவினால் மெத்தென்று ரோமம், வெள்ளி நிறம். பூ ரோஸ். அதன் அடியில் பழுப்புச் செதில்கள், ஓரம் கிழிந்து வெளியே சுருண்டிருந்தன. செல்போன் செயலி இதை 'காஃப்ரா' என்ற புரோட்டியா வகை என்கிறது. கூட வந்த என் நாத்தனார் 'சுப்வெஸ்டிட்டா' என்ற வேறு வகை என்று அடித்துச் சொல்கிறாள். படங்கள் கீழே. யாராவது தீர்த்து வையுங்கள், வீட்டில் சண்டை ஓயவில்லை.

மாரிட்ஸ்பர்க்_தாத்தா:
இரண்டு பேருக்கும் வெற்றி இல்லை அம்மா. இது புரோட்டியா ரூபெல்லியே. இங்கே 'சில்வர் சுகர்புஷ்' என்பார்கள்.

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். காஃப்ராவிலேயே வெளிர் மஞ்சளும் உண்டு, சிவப்பும் உண்டு. கறுத்த அடிமரமும் உதவாது. தீயைத் தாங்கும் தடித்த பட்டை காஃப்ரா, ரூபெல்லியே இரண்டுக்கும் இருக்கிறது. இலையைப் பாருங்கள். காஃப்ரா இலையில் ரோமம் கிடையாது. உங்கள் படத்தில் வெள்ளி ரோமம் பளிச்சென்று தெரிகிறது.

அடுத்தது செதில்கள். நீங்கள் இதழ் என்று நினைப்பதெல்லாம் பூவைச் சுற்றியிருக்கும் செதில்கள்தான். உள் செதிலைப் பாருங்கள்: அடியில் ஒடுங்கி, நுனியில் கரண்டி போல அகன்றிருக்கிறது. வெளிச் செதில் பழுப்பாகிச் சுருண்டிருப்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். ரூபெல்லியேவுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நாத்தனாரையும் முழுதாகத் தள்ள முடியாது. சுப்வெஸ்டிட்டாவின் இளம் இலையிலும் ரோமம் உண்டு. ஆனால் அதில் உள் செதில்களின் நுனியே வெளிப்பக்கம் மடங்கி, அல்லிப்பூ விரிந்ததுபோல இருக்கும். உங்களுடையதில் மடங்கியிருப்பது வெளிச் செதில்கள் மட்டும்தான்.

காலமும் பொருந்துகிறது. நம் மலைகளில் காஃப்ரா டிசம்பர், ஜனவரியில் உச்சத்துக்கு வந்துவிடும். பிப்ரவரிக்குப் பிறகு பூப்பது பெரும்பாலும் ரூபெல்லியே.

டொங்காட்_தம்பி:
தாத்தா, இதழ் இல்லையென்றால் நிஜப் பூ எங்கே? அப்புறம், அடுத்த காவடிக்கு இதில் நான்கு வெட்டி வந்து வைக்கலாமா?

மாரிட்ஸ்பர்க்_தாத்தா:
செதில்களுக்கு நடுவே நெருக்கமாக நிற்கும் மெல்லிய குழல்கள்தான் பூக்கள், ஒரு பூத்தலையில் ஏராளம். ஒவ்வொன்றிலும் நான்கு பகுதிகள். மலரும்போது மூன்று ஒட்டியே இருக்கும், ஒன்று தனியாகப் பிரியும். நடுவிலுள்ள சூல்தண்டு விடுபட்டு நிமிரும். மகரந்தம் அதன் நுனியில்தான் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். தேன் குடிக்க வரும் நீண்ட வால் பறவை, கர்னிஸ் ஷுகர்பேர்ட், தலையில் அதைப் பூசிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். ரூபெல்லியே நிற்கும் சரிவில்தான் அந்தப் பறவையைத் தேட வேண்டும்.

வெட்டுவதா? அந்த மலை உலகப் பாரம்பரியக் களம், தம்பி. இலை கூடப் பறிக்கக்கூடாது. முருகனுக்குச் செண்டுமல்லி போதும். புரோட்டியாதான் வேண்டுமென்றால் பூக்கடையில் வளர்ப்புப் பூ கிடைக்கும்.

சாட்ஸ்வொர்த்_அக்கா:
நன்றி தாத்தா, நாத்தனாருக்குக் காட்டிவிட்டேன், முகம் சுருங்கிவிட்டது. இன்னும் மேலே, புல்வெளியில் முழங்கால் உயரத்தில் தரையிலிருந்து பல தண்டுகளாக ஒரு புரோட்டியா இருந்தது. அது குட்டி ரூபெல்லியேவா?

மாரிட்ஸ்பர்க்_தாத்தா:
இல்லை. குட்டியென்றால் ஒற்றைத் தண்டாக நிற்கும். தரைக்கடியிலிருந்து பல தண்டுகள் என்றால் டிராகோமொன்டானா என்ற குள்ளப் புரோட்டியாவாக இருக்கலாம். 1,600 மீட்டருக்கு மேல் புல்வெளியில் வளர்வது, தீ மேலே எரித்தாலும் அடித்தண்டிலிருந்து துளிர்க்கும். சிம்ப்ளெக்ஸ் என்ற இன்னொரு வகையும் குள்ளம்தான், ஆனால் தண்டு மெலிந்தது, பூத்தலையும் சிறியது. இலையின் இரு பக்கமும், பூத்தலையைப் பக்கவாட்டிலும் எடுத்துப் போடுங்கள். அளவுக்குப் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்தால் இன்னும் நல்லது.