மவுண்ட்: 'ஏற்று' வேண்டாம், 'பொருத்து' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

வேறொரு வட்டிலோ கணினியிலோ இருக்கும் அடைவை (கோப்புறையை) நம் கணினியின் ஓர் அடைவில் இணைத்து, அங்கிருந்தே படிக்கும்படி செய்வதுதான் மவுண்ட். அதற்குத் தமிழில் 'ஏற்று' போதும் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. நானும் முன்பு அப்படித்தான் எழுதிவந்தேன். மாற்றிக்கொண்டது ஒரு கையேட்டால்.

எங்களிடம் 40 பணிநிலையங்கள். ஒவ்வொன்றிலும் மென்பொருளைத் தனித்தனியாக நிறுவி, தனித்தனியாகப் புதுப்பித்து அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே வழங்கியில் (சர்வரில்) நிறுவினோம். பணிநிலையங்கள் அந்த அடைவை என்எஃப்எஸ் (பிணையம் வழியாக இன்னொரு கணினியின் கோப்புகளைப் பயன்படுத்தும் முறை) வழியாகப் படித்தால் போதும். எழுதும் உரிமை தேவையில்லை. கையேட்டில் "வழங்கியின் மென்பொருள் அடைவைப் பணிநிலையத்தில் ஏற்றவும்" என்று எழுதியிருந்தேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அதைப் படித்துவிட்டு, அடைவு முழுவதையும் கணினியின் வட்டில் நகலெடுத்துவிட்டார். வட்டு நிரம்பியதுகூடப் பரவாயில்லை. வழங்கியில் புதிய பதிப்பை வைத்த பிறகும் அந்த ஒரு கணினி மட்டும் பழையதையே இயக்கிக்கொண்டிருந்தது. கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. தவறு அவர்மேல் இல்லை. பதிவேற்றுகிறோம், சரக்கு ஏற்றுகிறோம். ஏற்று என்றால் ஏதோ ஒன்று இடம் மாறுகிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

இந்த ஏற்பாட்டின் உயிரே கோப்புகள் வழங்கியை விட்டு நகராமல் இருப்பதுதான். நிரலை இயக்கும்போது தேவையான பகுதிகள் பிணையம் வழியாக வந்து நினைவகத்தில் ஏறுகின்றன. அது லோட், அதற்கு 'ஏற்று' நிலைத்துவிட்டது. இரண்டுக்கும் அதே சொல் என்றால் "அடைவை ஏற்றிய பின் நிரலை ஏற்றவும்" என்று எழுத வேண்டிவரும். படிப்பவர் என்ன செய்வார்?

என் பரிந்துரை 'பொருத்து'. நாடாச் சுருளையும் வட்டுத் தொகுதியையும் கையால் இயக்கியில் வைத்த காலத்துச் சொல் மவுண்ட். 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்எஃப்எஸ்ஸைக் கொண்டுவந்தபோது, வேறொரு கணினியில் இருக்கும் அடைவுக்கும் அதே சொல் நீண்டது. கழற்றக்கூடிய ஒன்றை ஓரிடத்தில் வைப்பது என்பதுதான் அதன் கருத்து. அன்மவுண்டுக்குக் 'கழற்று' தானாகவே அமைகிறது. ('ஏற்று' என்றால் எதிர்ச்சொல் 'இறக்கு', அது பதிவிறக்கத்தோடு போய் மோதும்.) மவுண்ட் பாயிண்ட் 'பொருத்துமிடம்', தேவைப்படும்போது தானே பொருத்தும் ஆட்டோமவுண்டர் 'தன்பொருத்தி'. "பொருத்துமிடத்தில் முன்பே இருந்த கோப்புகள் மறைந்திருக்கும், கழற்றியதும் மீண்டும் தெரியும்" என்று எழுதிப் பாருங்கள், விளக்கமே வேண்டாம்.

'மாட்டு' பேச்சுக்கு இன்னும் நெருக்கம்தான். ஆனால் "அடைவு மாட்டிக்கொண்டது" என்றால் சிக்கிக்கொண்டதாகவே கேட்கும். வழங்கி நின்றுபோனால் நிரல்கள் உண்மையிலேயே அப்படி உறைந்து நிற்பதால் அது ஆபத்தான குழப்பம்.

வினாத்தாளின் 'பொருத்துக' நினைவுக்கு வரும் என்பது நியாயமான தடைதான். ஆனால் மேட்ச் வரும் இடங்களில் பெரும்பாலும் 'பொருந்துகிறது' என்றே எழுதுகிறோம். அடைவு தானாகப் பொருந்துவதில்லை, நாம்தான் பொருத்துகிறோம்.

சரி, எல்லாவற்றையும் ஒரே வழங்கியில் நிறுவுவதற்கு 'மைய நிறுவல்' என்று வைத்துக்கொள்ளலாம். 'பொது நிறுவல்' என்றால் சாதாரண நிறுவல் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், வழங்கி நின்றுபோனால் என்ன செய்வது என்பதில் வேறுபடும் ஹார்டு மவுண்ட், சாஃப்ட் மவுண்ட். வன், மென் என்று போட்டால் வன்பொருள், மென்பொருள் பக்கம் இழுத்துவிடும். முதலாவது, வழங்கி திரும்பும்வரை விடாமல் முயலும். அதற்கு 'விடாப்பிடிப் பொருத்தல்' சரியாக இருக்கும். இரண்டாவது, சில முறை முயன்றுவிட்டுப் பிழை சொல்லிவிடும். அதற்கு எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.