கார் சாவி வேலை செய்யவில்லை, விடிந்தால் கல்யாணத்துக்குப் போகணும், அவசரம்

வைகைக்கரை | இரவு 8.41
எல்லோருக்கும் வணக்கம். கார் சாவி வேலை செய்யவில்லை. நேற்றுதான் சாவிக்குப் புது பேட்டரி போட்டோம், அப்படியும் அதே கதைதான். காலை 4 மணிக்குத் திண்டுக்கல்லில் இருந்து குடும்பத்தோடு கும்பகோணம் கிளம்பணும், 9 மணிக்கு முகூர்த்தம். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்பேனர்தம்பி | 8.46
என்ன வண்டி அண்ணா, எந்த வருஷம்? கதவு திறக்கவில்லையா, இல்லை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? சாவியைத் திருகுகிற வண்டியா, பட்டன் ஸ்டார்ட்டா? இரண்டாவது சாவி இருக்கிறதா? இவ்வளவும் தெரிந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

மலைக்கோட்டை | 8.49
இது ரோலிங் கோடு பிரச்சினைதான், அதாவது ஒவ்வொரு தரம் அழுத்தும்போதும் சாவி அனுப்பும் எண் மாறிக்கொண்டே போகும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் சாவியை எடுத்துச் சும்மா சும்மா அழுத்தியிருக்கும். வண்டி பக்கத்தில் இல்லாதபோது அழுத்திக்கொண்டே இருந்தால் சாவியில் எண் முன்னால் போய்விடும், வண்டி பின்தங்கிவிடும், அப்புறம் இரண்டும் ஒட்டாது. இக்னிஷனை ஆன் செய்துவிட்டு லாக் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். என் மச்சான் வண்டியில் அப்படித்தான் சரியானது.

பைபாஸ்ரோடு | 8.52
செல்போன் கேமராவை ஆன் செய்து சாவியைக் காட்டி பட்டனை அழுத்திப் பாருங்கள். திரையில் வெளிச்சம் தெரிந்தால் சாவி நல்லா இருக்கிறது, தெரியாவிட்டால் சாவி போச்சு.

ரெக்டிஃபையர் | 8.58
கேமராவில் தெரிவது டிவி ரிமோட். அது அகச்சிவப்பு ஒளி. கார் சாவி அனுப்புவது ரேடியோ அலை, நம் நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். அதை எந்தக் கேமராவாலும் பார்க்க முடியாது. இந்த வித்தியாசம்கூடத் தெரியாதவர்கள் பதில் எழுத வராமல் இருப்பது நல்லது. கேட்டவருக்கும் ஒரு வார்த்தை: என்ன பழுது என்று நாலு வரி ஒழுங்காக எழுதத் தெரியாவிட்டால் யாராலும் உதவ முடியாது. மல்டிமீட்டர் வைத்து பேட்டரியை அளந்து பாருங்கள். 3 வோல்ட் இருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது, சாவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது. அவ்வளவுதான்.

வைகைக்கரை | 9.04
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். 2015 மாடல் டீசல், சாவியைத் திருகுகிற வண்டி. ரிமோட்டில் லாக், அன்லாக் இரண்டும் எடுக்கவில்லை. சாவியில் சிவப்பு லைட் ஒரு சமயம் எரிகிறது, ஒரு சமயம் எரியவில்லை. கதவைச் சாவி போட்டுத் திறந்துவிட்டேன். செல்ஃப் நன்றாக எடுக்கிறது. ஆனால் ஸ்டார்ட் ஆகி இரண்டு செகண்டில் ஆஃப் ஆகிவிடுகிறது. இரண்டாவது சாவி இல்லை, வண்டி செகண்ட்ஹேண்டில் வாங்கியது. மல்டிமீட்டர் வீட்டில் இல்லை.

ஸ்பேனர்தம்பி | 9.07
ஸ்டார்ட் ஆகி ஆஃப் ஆகும்போது மீட்டர் போர்டில் சாவி படமோ, பூட்டுப் போட்ட கார் படமோ மின்னுகிறதா?

டீசல்வாசனை | 9.10
எனக்கென்னவோ இது டீசல் பிரச்சினை மாதிரித் தெரிகிறது. டீசல் ஃபில்டரில் காற்று பிடித்தால் அச்சு அசலாக இப்படித்தான் ஆகும், எடுத்து உடனே நின்றுவிடும். ஃபில்டர் மேலே இருக்கும் கைப்பம்பை அழுத்திப் பாருங்கள்.

வைகைக்கரை | 9.13
ஆமாம், சாவி படம் வேகமாக மின்னுகிறது. நேற்றுக் காலை வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது.

மின்சாவி | 9.21
சாவி வேலைதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், ராத்திரிக்குள் சரிசெய்ய வாய்ப்பு இருக்கிறது.

அந்த ஒரு சாவிக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று ரிமோட். பேட்டரியில் ஓடுவது, கதவைத் திறந்து மூடுவது மட்டும்தான் அதன் வேலை. இன்னொன்று சிப். இதற்குப் பேட்டரியே வேண்டாம். நீங்கள் சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள், அதாவது காயில், இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தக் காயில் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப்புலம் உண்டாக்கும். சிப் அந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். பதில் வரவில்லை என்றால் வண்டியின் கம்ப்யூட்டர் எஞ்சினை நிறுத்திவிடும். இதைத்தான் இம்மொபிலைசர் என்கிறோம். சாவி படம் மின்னுவதும் எடுத்தவுடன் நிற்பதும் அதன் வேலைதான். டீசல் ஃபில்டரைத் தொட வேண்டாம்.

அதனால் சாவி பேட்டரி முழுக்கச் செத்தே போயிருந்தாலும் உங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகித்தான் இருக்கணும். ரிமோட்டும் சிப்பும் ஒரே நாளில் தானாகக் கெடுவது அபூர்வம். சாவி கீழே விழுந்ததா? தண்ணீரில் நனைந்ததா? பேட்டரி மாற்றியபோது வேறு ஏதாவது செய்தார்களா? யார் மாற்றியது?

மலைக்கோட்டை | 9.24
நான் சொன்ன ரோலிங் கோடும் இருக்கலாம் இல்லையா? பேட்டரியைக் கழற்றியதும் சாவிக்குள் இருக்கும் எண் அழிந்துபோயிருக்கும்.

மின்சாவி | 9.31
அழியாது நண்பரே. அந்த எண் இருப்பது கரண்ட் போனாலும் அழியாத மெமரியில். குழந்தை அழுத்திய கதையும் பாதிதான் சரி. பல வண்டிகளில் இருந்த கீலாக் என்ற ரோலிங் கோடு முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 16 எண் வரை சாவி முன்னால் போனாலும் வண்டி கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். அதைத் தாண்டி 32 ஆயிரம் வரைக்கும்கூட, வண்டி பக்கத்தில் வந்து அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் போதும், தானாக ஒத்துப்போய்விடும். சில கம்பெனிகளில் இக்னிஷன் ஆன் செய்து அழுத்தும் முறை இருப்பது உண்மை. ஆனால் அதெல்லாம் ரிமோட்டுக்கு மட்டும். எஞ்சின் நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வைகைக்கரை | 9.36
கீழே விழவில்லை. சாவி மடங்கும் இடத்தில் பிளாஸ்டிக் ஓடு உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சாவிக்கடையில் கொடுத்து ஓட்டையும் மாற்றினேன். பேட்டரியும் அவர்களே போட்டார்கள். அது முக்கியமா? இன்னொன்று, போட்ட பேட்டரி மேல் 2025 என்று இருக்கிறது. பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட்டார்களோ?

ஸ்பேனர்தம்பி | 9.38
அண்ணா, அதுதான் முக்கியமே! பழைய ஓடு எங்கே?

மின்சாவி | 9.45
சரி, இப்போது எல்லாம் புரிகிறது.

சிப் பல சாவிகளில் போர்டில் இருக்காது. ஓட்டின் உள்பக்கம், சாவித்தகடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், தனியாக ஒரு குழியில் செருகியோ பசை போட்டு ஒட்டியோ வைத்திருப்பார்கள். உளுந்தைவிடக் கொஞ்சம் நீளமான கருப்புக் கட்டி, இல்லாவிட்டால் சின்னக் கண்ணாடிக் குழாய். ஓடு மாற்றுகிறவர் அவசரத்தில் போர்டை மட்டும் எடுத்துப் புதிதில் வைத்துவிட்டால் சிப் பழைய ஓட்டிலேயே நின்றுவிடும். எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிற தவறு இது. கடைக்காரர் வண்டி இல்லாமல் வேலை பார்த்ததால் அவருக்கும் தெரிந்திருக்காது.

2025 என்பது வருஷம் இல்லை, அளவு. முதல் இரண்டு எண் விட்டம், 20 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு கனம், 2.5 மில்லிமீட்டர். போர்டிலோ ஓட்டிலோ பேட்டரி உட்காரும் இடத்தில் என்ன எண் அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். 2032 என்று இருந்தால் 3.2 மில்லிமீட்டர் கனம் வேண்டும். மெல்லிசு பேட்டரியைப் போட்டால் தகடு சரியாகத் தொடாது. லைட் ஒரு சமயம் எரிந்து ஒரு சமயம் எரியாமல் இருப்பதற்கு அதுவே போதும்.

முதலில் பழைய ஓட்டைத் தேடுங்கள். சிப் கிடைத்துவிட்டால், புதிய ஓட்டில் வைக்கக்கூட வேண்டாம், சாவித் துவாரத்தை ஒட்டி விரலால் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். எடுத்து நிற்காமல் ஓடினால் விஷயம் முடிந்தது.

ரெக்டிஃபையர் | 9.52
இதெல்லாம் ஊகம். முதலில் வோல்ட் அளக்கச் சொன்னேன், யாரும் அளக்கவில்லை. அளவீடு இல்லாமல் பழுது பார்ப்பது ஜோசியம். நான் 30 வருஷமாக எலக்ட்ரானிக்ஸில் இருக்கிறேன்.

கேபிள்டிவி | 9.57
ரெக்டிஃபையர் சார், அளப்பது சரிதான். ஆனால் 3 வோல்ட் காட்டினால் பேட்டரி நல்லது என்று நீங்கள் சொன்னதை ஏற்க முடியவில்லை. மீட்டர் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட கரண்டே எடுப்பதில்லை. வயதான காயின் செல் சும்மா இருக்கும்போது 3 வோல்ட் காட்டும், பட்டனை அழுத்தி ரிமோட் இழுக்கும்போது சரிந்துவிடும். பேட்டரியை போர்டிலேயே வைத்து, பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். அப்போது 2.5-க்குக் கீழே போனால் அது தேறாது. புதிய செல் சும்மா இருக்கும்போதே 3.2 அல்லது 3.3 காட்டும்.

ரெக்டிஃபையர் | 10.01
லோடு டெஸ்ட் எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? வீட்டில் இருப்பவருக்குப் புரியும்படி எளிதாகச் சொன்னேன்.

கேபிள்டிவி | 10.04
எளிதாகச் சொல்வதில் தப்பில்லை சார். ஆனால் அதை நம்பி ஒருவர் நல்ல போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுச் சாவிக்குக் காசு கொடுத்துவிடுவார். அதனால்தான் சொல்கிறேன்.

பைபாஸ்ரோடு | 10.08
என் கேள்வி வேறு. ஒரே சாவியோடு செகண்ட்ஹேண்ட் வண்டி வாங்கலாமா? வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்களே. பழைய ஓனரிடம் இன்னொன்று இருந்தால் அது வேறு பயம்.

டீசல்வாசனை | 10.12
வாங்கினால் மறுநாளே ஷோரூம் போய் இரண்டாவது சாவி போட்டுவிட வேண்டும். தெருவோரக் கடைகளில் கார் சாவியைக் கொடுக்கவே கூடாது, இன்றைக்கு நடந்ததே சாட்சி.

மின்சாவி | 10.17
ஒருவர் செய்த தவறுக்கு எல்லோரையும் சொல்லாதீர்கள் அண்ணா. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் கருவியை மாட்டி புதுச் சாவியைப் பதிவு செய்யும் வேலையை நாங்களும் ஒழுங்காகச் செய்கிறோம். ஷோரூமில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதை இங்கே ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வண்டியோடு வரச் சொல்லி, ஆர்சி புத்தகம் பார்த்துவிட்டு, உங்கள் கண் முன்னாலேயே செய்கிற கடையைத் தேடுங்கள். சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு நாளைக்கு வா என்பவரிடம் கொடுக்க வேண்டாம். பழைய ஓனரைப் பற்றிய பயம் நியாயமானது. புதுச் சாவி பதியும்போது காணாமல்போன சாவியின் பதிவை அழிக்கச் சொல்லலாம், பெரும்பாலான வண்டிகளில் முடியும். அழித்த பிறகு அந்தச் சாவி கதவை வேண்டுமானால் திறக்கும், எஞ்சினை ஓட விடாது.

டீசல்வாசனை | 10.20
நீங்கள் நல்லவராக இருக்கலாம். யார் நல்லவர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஷோரூம்.

செவ்வந்தி | 10.24
சண்டைக்கு நடுவில் ஒரு விஷயம். நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். இந்த மாதிரி பேட்டரி மாற்றும்போது கழற்றியதை மேஜை மேல் போட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்க ஆரம்பித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் அப்படித்தான். இரண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டி உயரத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

கேபிள்டிவி | 10.28
நல்லவேளை சொன்னீர்கள் அக்கா. இதற்காகவே சில பேட்டரிகளில் கசப்புப் பூச்சு பூசி விற்கிறார்கள். அந்தப் பூச்சு சில சாவிகளில் தகடு தொடும் இடத்தில் வந்து கரண்டைத் தடுக்கும். புது பேட்டரி போட்டும் எடுக்கவில்லை என்றால் அதையும் பார்க்கணும்.

ஸ்பேனர்தம்பி | 10.31
வைகைக்கரை அண்ணா, என்ன ஆச்சு? இந்த நேரத்தில் 2032 பேட்டரிக்கு எங்கே போவது என்று யோசித்தால், வீட்டிலேயே இருக்கும். பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் இருப்பது பெரும்பாலும் அதுதான். எடை பார்க்கும் மிஷின், சுகர் டெஸ்ட் மிஷின் சிலவற்றிலும் அதேதான். பெரியவர்களுக்குக் காலையில் சுகர் பார்க்கணும் என்றால் அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

மலைக்கோட்டை | 10.50
ஆளையே காணோம்.

வைகைக்கரை | 11.36
வண்டி ஓடுகிறது. பழைய ஓட்டைக் கடைக்காரர் ஒரு கவரில் போட்டுக் கொடுத்திருந்தார், வீட்டம்மா குப்பையில் போடாமல் வைத்திருந்தார். உள்ளே கருப்பாக ஒரு கட்டி பசையோடு இருந்தது. பிளேடால் நெம்பி எடுத்து, மின்சாவி சார் சொன்ன மாதிரி பிடித்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டது, நிற்கவில்லை. புது ஓட்டில் அதற்கென்று ஒரு குழி காலியாகவே இருக்கிறது, அதில் வைத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. தூங்கப் போகிறேன்.

மின்சாவி | 11.41
சந்தோஷம். சிப் ஆடாமல் இருக்க ஓரத்தில் ஒரு சொட்டு பசை போதும், அதிகம் ஊற்ற வேண்டாம். நல்லபடியாகப் போய் வாருங்கள். ரிமோட் என்ன ஆனது? பேட்டரி உட்காரும் இடத்தில் 2032 என்று இருந்ததா?

ஆற்றுப்பாலம் | மறுநாள் காலை 7.15
இந்த இழையைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். என் சாவியில் லாக் நன்றாக எடுக்கிறது, அன்லாக் மட்டும் நாலு தரம் அமுக்கினால் ஒரு தரம்தான் எடுக்கிறது. பேட்டரி மாற்றியாயிற்று. ஓடு மாற்றவில்லை. வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது.

மின்சாவி | 7.40
ஒரு பட்டன் மட்டும் மக்கர் செய்தால் பேட்டரியும் இல்லை, கோடும் இல்லை. போர்டில் அந்த ரப்பருக்குக் கீழே இருக்கும் சின்னச் சுவிட்ச் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் அதன் கால் சால்டரிங் விட்டிருக்கும். ஓட்டைப் பிரித்து போர்டை வெளியே எடுத்து, ரப்பர் இல்லாமல் அந்தச் சுவிட்சை நேராக விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு தரமும் எடுத்தால் ரப்பர்தான் தேய்ந்திருக்கிறது, ஓடு மாற்றினால் போதும். அப்போதும் விட்டுவிட்டு எடுத்தால் சுவிட்சை மாற்றணும். செல்போன் சர்வீஸ் கடையில் கொடுத்தாலே செய்துவிடுவார்கள், அதே உயரமுள்ள சுவிட்சாகப் போடச் சொல்லுங்கள். போர்டில் பச்சையாகப் பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, பழைய பல் பிரஷால் துடைத்து நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். ஓடு மாற்றுவதாக இருந்தால் சிப்பை மறக்காதீர்கள்.

ஆற்றுப்பாலம் | 7.58
நகத்தால் அழுத்திப் பார்த்தேன், அப்போதும் விட்டு விட்டுத்தான் எடுக்கிறது. அப்போ சுவிட்ச்தான். சாயங்காலம் கடைக்குப் போகிறேன் சார்.