பார்ஜில் ஏறும்போது விழுந்தால் அது என் பிழையா?

முல்லை வெல்டர்:
முல்லைத்தீவுப் பக்கம் ஒரு இறங்குதுறை வேலையில் வெல்டராக இருக்கிறேன். பத்து நாளைக்கு முன், ஃபைபர் போட்டிலிருந்து பார்ஜுக்கு, அதுதான் வேலைக்கு நிறுத்தியிருக்கும் தட்டையான பெரிய மிதவைக்கு, ஏறும்போது விழுந்துவிட்டேன். தோளில் சாமான் பை, கையில் சோற்றுப் பார்சல். கால் தூக்கின நேரம் போட் கீழே இறங்கிவிட்டது. விளிம்பில் தொங்கிய டயரைப் பிடித்தேன். அதில் ஒட்டியிருந்த சிப்பி உள்ளங்கையைக் கிழித்தது. லைஃப் ஜக்கற் போட்டிருந்தேன், வார் கட்டவில்லை. அது காதுவரை ஏற, நான் கீழே போனேன். ஏழு தையல். இன்னும் வேலைக்குப் போகவில்லை. "உன்ர கவனக்குறைவு, காசு ஒன்றும் வராது" என்கிறார் சுப்பவைசர். உண்மையா?

கரைவலைக்காரர்:
தம்பி, நடுக்கடலில் இல்லை, ஏறி இறங்கும் இடத்தில்தான் ஆள் விழுகிறது. எங்கட கரையில் வத்துப்பெருக்கு, அதுதான் கடல்மட்டம் ஏறி இறங்குவது, பெரிசாக இல்லை. போட்டைத் தூக்கி இறக்குவது அலைதான். போட் மேலே வந்து ஒரு கணம் நிற்கும், அப்போது காலை வையும். இறங்கத் தொடங்கினால் அடுத்த அலைக்கு நில்லும். ஓட்டி போட்டின் அணியத்தை, அதாவது முன்முனையை, டயரில் முட்டவைத்து, எஞ்சினை மெல்ல முன்னுக்குத் தள்ளியபடி வைத்திருக்க வேண்டும். இடைவெளி திறந்து அதற்குள் விழுந்தால், மூழ்குவதைவிட நசுங்குவதுதான் பயம். பையைப் பிறகு கயிற்றில் இழுக்கலாம். சோற்றையும்தான்! ஏணி எங்கே? வாடைக்காற்று தொடங்கினால், ஏணி இல்லாத பார்ஜுக்கு நான் ஆள் ஏற்ற மாட்டேன்.

வவுனியா அக்கா:
சுப்பவைசர் சொல்வது சரியில்லை. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் முதலாளியின் பிழையை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. வேலையால், வேலை நேரத்தில் நடந்ததா என்பதுதான் கேள்வி. மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் இருந்தால் கேட்கலாம். வெறும் கவனக்குறைவு தடையில்லை. குடித்திருந்தாலோ, பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ பிரச்சினை வரும். வாரைப் பற்றி முன்னமே உங்களுக்குச் சொல்லியிருந்தார்களா? அதை யோசித்து எழுதுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வைத்து, தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.

முல்லை வெல்டர்:
குடிக்கவில்லை அக்கா. ஜக்கற்றைக் கையில் தந்தார்கள், அவ்வளவுதான். வாரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணை, ஏணி இருக்கிறது. ஒரு படி வெல்ட் விட்டுப்போய், பார்ஜின் மற்றப் பக்கத்தில் கட்டிக் கிடக்கிறது. ஒட்டித் தரச் சொல்லி இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.