ஊரை விட்டுப் போகாமல் விசுவாசத்தில் நிற்பது: மலைக்காரர்கள் பகிர்ந்த அனுபவங்கள்

கோத்தகிரிப் பக்கம், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்

எதிர்ப்பு என்றதும் கல்வீச்சும் போலீஸ் கேஸும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. நீலகிரியில் எங்கள் படுகர் ஊர்களில் அது வேறு மாதிரி வரும். யாரும் கை ஓங்க மாட்டார்கள். சாவுச் செய்தி சொல்லி அனுப்ப மாட்டார்கள், அவ்வளவுதான். கல்யாணத்துக்குக் கூப்பிடாவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், சாவு விழுந்தால் சுற்றுவட்டார ஹட்டிகள் அத்தனையும் வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் நமக்கு இடமில்லை என்றால் நாம் அந்த ஊர்க்காரரே இல்லை என்று அர்த்தம்.

நான் ஞானஸ்நானம் எடுத்தது கல்யாணத்துக்குப் பிறகு, கணவரோடு சேர்ந்து. ஊர்க்கூட்டம் போட்டுப் பேசினார்கள். யாரும் திட்டவில்லை. "நீங்க உங்க வழியில போங்க, ஊர்க் காரியத்துல கலக்க வேண்டாம்" என்றார் பெரியவர் ஒருவர். அதற்குப் பிறகு குழாயடியில் நான் குடத்தோடு போய் நின்றாலே பேச்சு நின்றுவிடும்.

டவுனுக்குக் குடிபோகச் சொன்னவர்கள் சபையிலேயே இருந்தார்கள். "அங்கே நம்ம ஆளுங்க இருக்காங்க, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போறதும் சுலபம்" என்றார்கள். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் நாங்கள் போகவில்லை. தேயிலை ஊரில், மாமியார் ஊரில், என் வேலையும் ஊரில்தான். ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் நடந்ததை நினைத்துக்கொள்வேன். ஓய்வுபெற்ற ஆங்கிலேய நீதிபதி கசமேஜர் அங்கே குடியிருந்து படுக மொழி கற்றார், லூக்கா சுவிசேஷத்தை அதில் எழுதத் தொடங்கினார். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன்காரர்கள் 1846-ல் அங்கே வேலையை ஆரம்பித்தார்கள். அவர்களில் மெட்ஸ் ஐயர் ஊர் ஊராக நடந்து ஒவ்வொரு ஹட்டித் திண்ணையிலும் உட்கார்ந்து பேசினவர். படுகரில் முதல் ஞானஸ்நானம் 1858-ல்தான். பன்னிரண்டு வருடம் ஒருவர்கூட வராமல் அவர்கள் அந்த மலையில் இருந்திருக்கிறார்கள். நமக்கு ஒரு வருடம் பலன் தெரியாவிட்டால் ஊழியத்தையே மாற்றிவிடுகிறோம்.

நான் அரசு வேலையில் இருந்தவள். தடுப்பூசி போடப் போகிற வீட்டில் வேதம் பேசுவது முறையல்ல. பேசினதும் இல்லை. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து யாராவது கேட்டால் ஒளிக்காமல் சொல்வேன்.

அப்புறம்தான் அந்தச் சாவு. எனக்குப் பெரியப்பா முறை. சர்க்கரைப் புண்ணுக்கு நான்தான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். முந்தின நாள்கூட கஞ்சி குடிக்க வைத்துவிட்டு வந்திருந்தேன். எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. வெள்ளைச் சீலையைப் போர்த்திக்கொண்டு நானும் கணவரும் போனோம். கட்டிலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் இறந்தவரின் அக்கா, கண் சரியாகத் தெரியாத கிழவி, என் முந்தானையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

அடக்கத்துக்கு முன்னால் எங்கள் வழக்கத்தில் கரு ஹரசோது என்று ஒன்று உண்டு. பெரியவர் ஒருவர் இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். எல்லைக் கல்லை நகர்த்தியது, ஊர்ந்து போன பாம்பைக் கொன்றது என்று வரிசையாக வரும். 1300 பாவம் செய்திருந்தாலும் அத்தனையும் நீங்கட்டும் என்று கேட்பார்கள், கூட்டம் முழுக்கச் சேர்ந்து சொல்லும். சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். விசுவாசத்துக்கு வந்தபின் அன்றுதான் முதல்முறை கேட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை.

எல்லாம் முடிந்து டீ கொடுக்கும்போது, ஊர்க்கூட்டத்தில் பேசின அதே பெரியவர் கிட்டே வந்தார். "எங்க சடங்குல நின்னியே, உன் சாமி கோவிச்சுக்காதா?"

"மாமா, பாவம் மன்னிக்கப்படணும்னு ஊரே கூடிக் கேக்கறீங்க. அந்த மன்னிப்பை இயேசு எனக்குக் கொடுத்துட்டார்னு நான் நம்பறேன். அதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லறது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கடைசி வரை எங்கள் சபைக்கு வரவுமில்லை. ஆனால் அந்தச் சாவுக்குப் பிறகு எங்களுக்குச் செய்தி வர ஆரம்பித்தது. விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதியிருக்கிறாரே, கேள்வி வருகிற இடத்தில் நாம் இருந்தால்தானே பதில் சொல்ல முடியும்?

மற்றவர்களும் எழுதுங்கள்.

கூடலூர், தோட்டப் பகுதி ஊழியர்

அக்கா, எங்களுக்கு வந்தது நீங்கள் முதலில் சொன்ன ரகம், போலீஸ் வரை போனது.

எங்கள் சபையில் பாதிப் பேர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். தாயகம் திரும்பியோர் என்று காகிதத்தில் இருக்கும், இங்கே வந்த புதிதில் அவர்களை யாரும் அப்படி வரவேற்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் ஒரு விதவைத் தாயார் ஜெபத்துக்குக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் பாடிக்கொண்டிருக்கும்போது வாலிபர்கள் சிலர் செல்போனில் வீடியோ எடுத்தபடி உள்ளே வந்தார்கள். "ஆளுக்கு எவ்வளவு குடுக்கறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. பைபிள் பையை உதறிப் பார்த்தார்கள். அப்புறம் எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனோம்.

கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தில் கேஸ் போடச் சொல்லி அந்தத் தம்பிமார் நின்றார்கள். தமிழ்நாட்டில் 2002-ல் அப்படி ஒரு சட்டம் வந்தது உண்மை, 2004-லேயே அது விலக்கிக்கொள்ளப்பட்டது. பலருக்கு இது தெரியாது, நம் ஆட்களுக்கும் தெரியாது. அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு நம் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை கொடுக்கிறது, பொது ஒழுங்குக்கு உட்பட்டு. அதே நேரம் இன்னொருவரை மதம் மாற்றுவது ஓர் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் சொல்லலாம், மனம் திரும்புவது அவரவரும் ஆண்டவரும் சம்பந்தப்பட்டது. வேதமும் அதைத்தானே சொல்கிறது.

அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று: "இவங்களை யார் கூப்பிட்டது?" அந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். "நான்தான் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் செத்தப்ப மழையில குழி வெட்டினது இவங்கதான். அன்னைக்கு இந்தப் பசங்க யாரும் வரல." ஸ்டேஷனில் யாரும் பேசவில்லை. கேஸ் பதிவாகவில்லை.

எங்கள் சபையில் இரண்டு வழக்கங்கள் ஆரம்பத்திலிருந்தே உண்டு. அழைக்காத வீட்டுக்குள் போவதில்லை. அரிசி, மருந்து கொடுக்கிற நாளில் அந்த வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்பதில்லை. இரண்டாவது ரொம்ப முக்கியம். பசித்தவனிடம் அரிசியையும் கைப்பிரதியையும் ஒரே கையால் நீட்டினால், அவன் எதற்காகத் தலையாட்டினான் என்று நமக்கே தெரியாமல் போய்விடும். அந்த வாலிபர்களில் ஒருவர் இன்றும் என்னைப் பார்த்தால் முறைப்பார். அவர் பேர் எங்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இருக்கிறது.

கொடைக்கானல் மேல்மலை, பள்ளி ஆசிரியை

நான் கத்தோலிக்கர். தாத்தா காலத்தில் வேதத்துக்கு வந்த தலித் குடும்பம். எங்களுக்கு எதிர்ப்பு இந்துக்களிடமிருந்து வரவில்லை. பூம்பாறையில் குழந்தை வேலப்பர் தேர் என்றால் நாங்கள் கடைவீதியில் நிற்போம், ஆகஸ்ட் 15-ல் சலேத் மாதா திருவிழாவுக்கு அவர்கள் கொடைக்கானல் வருவார்கள். மலையில் இது சகஜம்.

எங்களைச் சோதித்தது காகிதம். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. அதனால் தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். நீலகிரியில் தோடர், இருளர் போன்ற பழங்குடியினருக்கு இந்தச் சிக்கல் இல்லை, மதம் மாறினாலும் அவர்கள் பழங்குடிதான். தலித்துக்கு மட்டும் ஞானஸ்நானம் எடுத்தவுடன் தீண்டாமை போய்விட்டது என்று சட்டம் நம்புகிறது! இதை ஆராய 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் போட்டார்கள்.

மகன் கல்லூரிக்கு விண்ணப்பித்த சமயம். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அங்கே இருந்தவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "டீச்சர், மதம்ங்கற இடத்துல மாத்தி எழுதிடுங்க. ஞாயிற்றுக்கிழமை நீங்க எங்க போறீங்கன்னு யார் பாக்கப் போறா?" நான் மகனைப் பார்த்தேன். அவன் பேனாவை என்னிடமிருந்து வாங்கி, கிறிஸ்தவம் என்று அவனே எழுதினான். கேட்ட பாடம் கிடைக்கவில்லை, வேறு பாடம் படித்தான். அப்படி மாற்றி எழுதினவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பசியும் கடனும் எல்லா வீட்டிலும் ஒரே அளவு இல்லை. சட்டம் மாற வேண்டும் என்பதே என் வாதம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் அப்பா இளைஞராக இருந்தபோது, ஒரு பங்குச் சபையில் எங்கள் ஆட்களுக்குக் கோயிலின் இடது ஓரம், கல்லறையிலும் தனி மூலை. அப்பா ஒருநாள் நடு வரிசையில் போய் முழந்தாளிட்டார். பக்கத்தில் இருந்த குடும்பம் எழுந்து போய்விட்டது. அடுத்த வாரமும் அதே இடத்தில் முழந்தாளிட்டார். வேதத்துக்கு எதிர்ப்பு என்று பேசும்போது கோயிலுக்கு உள்ளே இருக்கும் இந்த எதிர்ப்பை நாம் தவிர்த்துவிடுகிறோம். சாதியை வைத்துக்கொண்டு சுவிசேஷம் சொல்லப் போனால் கேட்கிறவன் ஏன் நம்ப வேண்டும்?

ஊட்டி, வாசகர்

நான் கிறிஸ்தவன் இல்லை. படுகர், மிஷன் பள்ளியில் படித்தவன், அந்த வாத்தியார்களை இன்றும் கும்பிடுகிறேன். ஒரு வார்த்தை சொல்லலாமா? எங்கள் ஊரில் வெளியூர் பிரசங்கியார் ஒருவர் மைக் வைத்து எங்கள் தெய்வம் ஹெத்தையம்மனைப் பிசாசு என்றார். ஹெத்தை எங்களுக்குப் பாட்டி. ஒருவருடைய பாட்டியை அப்படிப் பேசினால் அவர் வந்து கேட்க மாட்டாரா? ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வசூலிக்கும்போது மதம் மாறின குடும்பம் விலகிக்கொள்வதும் ஊருக்கு வலிக்கிறது. செவிலியர் அம்மா போலிருந்தால் யாருக்கும் சண்டை இல்லை.

குன்னூர், கல்லூரி மாணவி

அம்மா, ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுக்க ஆசைப்படுகிறேன். வீட்டில் தெரியாது. முதலில் எடுத்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்கிறார்கள் தோழிகள்.

கோத்தகிரி, செவிலியர்

ஊட்டித் தம்பிக்கு: நீங்கள் எழுதினது நியாயம். ஹெத்தையைப் பற்றி அப்படிப் பேசினதை எங்கள் சபையில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டோம். என் மாமியார் கும்பிட்ட பெயர் அது. வசூல் விஷயத்தில் நாங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசிவிட்டோம். பூஜைக்குக் கொடுக்க எங்கள் மனசாட்சி இடம் கொடுக்காது, அதைச் சொன்னோம். தண்ணீர்த் தொட்டி, பாதை, சாவுச் செலவு இவற்றுக்கு எங்கள் பங்கைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறோம். 2009 நவம்பரில் மலை சரிந்தபோது சேற்றை வாரினதில் யாரும் சபை பார்க்கவில்லை. இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் சமாதானமாகவில்லை. அவர்கள் வருத்தத்துக்கும் காரணம் இருக்கிறது.

குன்னூர்ப் பிள்ளைக்கு: மறைத்து எடுக்காதே கண்ணு. வயதுக்கு வந்த உனக்குச் சட்டப்படி தடை இல்லை, ஆனால் அப்பா அம்மாவுக்கு இது அடுத்தவர் வாயிலிருந்து வரக் கூடாது. நீயே சொல்லு. போதகரை அழைத்துப் போய்ச் சொல்லாதே, ஆள் சேர்த்து வந்த மாதிரி ஆகிவிடும். கோபப்படுவார்கள், அழுவார்கள், உன் படிப்பை நிறுத்துவதாகக்கூடச் சொல்லலாம். எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள், ஆனால் உன் விசுவாசத்தை இல்லை என்று மட்டும் சொல்லாதே. ஈஸ்டருக்கு முடியாவிட்டால் அடுத்த வருடம் ஆகட்டும், ஆண்டவர் அவசரப்படுத்துகிறவர் இல்லை. அடிப்பார்கள் என்று பயமிருந்தால் மட்டும் தனியாகப் பேசாதே, உங்கள் வீட்டிலேயே உன்மேல் பாசமாக இருக்கிற சித்தியோ அத்தையோ யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

பேசின பிறகு எப்படிப் போனது என்று எழுது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி பஸ் ஏறி வா, ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. உன் அம்மா வர சம்மதித்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வா.