டூம் லெவல் எடிட்டருக்குத் தமிழில் கையேடு எழுதுகிறேன், கதவுப் பக்கத்திலேயே எல்லோரும் நின்றுவிடுகிறார்கள்: உதவி தேவை

வெள்ளவத்தை வாசி:

வணக்கம். எங்கள் பக்கத்தில் ஓஎல் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் சிலருக்குச் சனிக்கிழமைகளில் கேம் லெவல் செய்யக் காட்டிக்கொடுக்கிறேன். 1993இல் வந்த டூம்தான் எடுத்தேன், பழைய லாப்டொப்பிலும் ஓடும், அல்டிமேட் டூம் பில்டர் இலவசம், படத்துக்கும் சத்தத்துக்கும் ஃப்ரீடூம் இருக்கிறது. வகுப்பில் காட்டுவது வீட்டுக்குப் போனதும் மறந்துபோகிறது என்பதால் ஒரு உசாத்துணைக் கையேடு எழுதத் தொடங்கினேன். வெர்டெக்ஸ் (புள்ளி), லைன்டெஃப் (புள்ளிகளை இணைக்கும் கோடு), சைட்டெஃப் (கோட்டின் ஒரு பக்கம்), செக்டர் (கோடுகள் சூழ்ந்த பகுதி, தரையும் கூரையும் அதற்குத்தான்), திங் (அரக்கர், பொருள் போன்றவை) என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அத்தியாயம்.

இப்போது கதவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். கையேட்டில் இருப்பது இதுதான் (ஆக்ஷன் என்பது ஒரு கோடு என்ன வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் எண்): "கதவாக வேண்டிய செக்டரின் கூரையைத் தரை மட்டத்துக்கு இறக்கவும். முகப்பில் உள்ள லைன்டெஃப்பைத் தெரிவு செய்து ஆக்ஷன் 1 கொடுக்கவும். கேமில் போய்த் திறந்து பார்க்கவும்." பாதிப் பேருக்குக் கதவு திறக்கிறது, மற்றவர்களுக்கு ஒன்றுமே நடப்பதில்லை, பிழைச் செய்தியும் வருவதில்லை. எல்லோரிடமும் இருப்பது ஒரே எடிட்டர், ஒரே பதிப்பு.

இன்னொன்று, கையேடு பெருத்துக்கொண்டே போகிறது, ஆனால் பிள்ளைகள் அதைத் திறப்பதாகத் தெரியவில்லை. வட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பி என்னைத்தான் கேட்கிறார்கள். போன கிழமை பிடிஎஃப் ஆக்கி கொமினிகேஷன் கடையில் பிரின்ட் எடுக்கப் போனால் தமிழ் எழுத்துக்குப் பதிலாக அங்கங்கே பெட்டி பெட்டியாக வந்தது, அது தனிக் கதை.

பழைய டூம்காரன்:

தம்பி, முதலில் ஒன்று பாருங்கள். புது மெப் (லெவல்) தொடங்கும்போது எடிட்டர் கேம் கொன்ஃபிகரேஷன் கேட்கும் அல்லவா, அதில் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றையேதான் தெரிவு செய்தார்களா? கேட்பதற்குக் காரணம், ஆக்ஷன் எண்களுக்கு எல்லா மெப் ஃபோமட்டிலும் (மெப்பைச் சேமிக்கும் முறை) ஒரே பொருள் கிடையாது. பழைய டூம் ஃபோமட்டில் 1 என்றால் திறந்து, காத்திருந்து, மூடும் கதவு. ஜிஸீடூம் என்ற புது எஞ்சினுக்கான யூடிஎம்எஃப் ஃபோமட் மெப்பில் ஹெக்ஸன் என்ற இன்னொரு கேமின் எண்கள்தான் செல்லும், அங்கே 1 என்பது பொலிஒப்ஜெக்ட் என்கிற நகரும் சுவரின் தொடக்கக் கோடு, கதவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அங்கே கதவு 12. எண்ணை மட்டும் போட்டாலும் போதாது, ஆட்டக்காரர் அழுத்தினால் இயங்கும், திரும்பத் திரும்ப இயங்கும் என்ற இரண்டு பெட்டிகளிலும் சரி போட வேண்டும். 11 இன்னும் மோசம். டூம் ஃபோமட்டில் அது லெவலை முடிக்கிற சுவிட்ச், ஹெக்ஸன் எண்ணில் திறந்தே நிற்கிற கதவு. ஃபோமட்டின் பெயர் இல்லாமல் ஒரு எண்ணை அச்சடித்தால் வாசிக்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

வெள்ளவத்தை வாசி:

நன்றி அண்ணா, அதேதான். கதவு திறக்காதவர்களில் அநேகம் பேர் யூடிஎம்எஃப், பட்டியலில் மேலே இருந்ததை அப்படியே அழுத்தியிருக்கிறார்கள். ஆனால் ஒரு தங்கச்சியின் மெப் டூம் ஃபோமட்தான், ஆக்ஷனும் 1தான், அப்படியும் திறக்கவில்லை.

பழைய டூம்காரன்:

அப்படியென்றால் கோடு திரும்பியிருக்கும். எடிட்டரில் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு லைன்டெஃப்பின் நடுவிலும் செங்குத்தாக ஒரு சின்னக் குச்சி தெரியும். அது நீட்டிக்கொண்டிருக்கிற பக்கம்தான் முன்பக்கம். அழுத்தித் திறக்கிற ஆக்ஷன் முன்பக்கத்திலிருந்து அழுத்தினால்தான் இயங்கும், ஆக்ஷன் 1 நகர்த்துவது அந்தக் கோட்டின் பின்பக்கத்தில் இருக்கிற செக்டரை. கதவுக்கென்று சின்னச் சதுரத்தைத் தனியாக வரையும்போது குச்சி பெரும்பாலும் உள்ளே பார்த்தபடி அமைந்துவிடும், ஆட்டக்காரர் வெளியே நின்று பின்பக்கத்தை அழுத்திக்கொண்டிருப்பார். கோட்டைத் தெரிவு செய்து திருப்பச் சொல்லுங்கள், இரண்டு முகத்திலும்.

கொட்டாஞ்சேனை அக்கா:

கதவு விஷயம் தீர்ந்தது மாதிரி இருக்கிறது, நான் மற்றதற்கு வருகிறேன். அலுவலகத்தில் மென்பொருள் கையேடு எழுதுவதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் கறாராகச் சொன்னால் கோபிக்க வேண்டாம். தம்பி எழுதியிருப்பது பாடம். இறக்கவும், கொடுக்கவும், பார்க்கவும் என்று வரிசையாகச் செய்யச் சொல்கிறது. முதல்முறை செய்கிறவருக்கு அது நல்லதுதான், ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கதவு திறக்காமல் உட்கார்ந்திருக்கிறவருக்கு அதில் தேடிப் பிடிக்க ஒன்றுமில்லை. பஞ்சாங்கத்தை யார் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறார்கள்? ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறோம்.

பாடத்தையும் உசாத்துணையையும் இரண்டு கோப்பாகப் பிரித்துவிடுங்கள். உசாத்துணையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே சட்டகம் போதும்: எந்த ஃபோமட், எந்தக் கோட்டில் போடுவது, டேக் (கோட்டையும் அது இயக்கும் செக்டரையும் இணைக்கும் எண்) வேண்டுமா, போட்டால் என்ன நடக்கும், நடக்காவிட்டால் எதைப் பார்ப்பது. அந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் எழுதாமல் விடுகிறார்கள், வாசகர் தேடி வருவது அதைத்தான். பிள்ளைகள் அனுப்பிய வொய்ஸ் எல்லாம் போனில் இருக்குமே, அவற்றை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, "இப்படித் தெரிந்தால் இந்தப் பக்கம்" என்று முன்னாலே ஒரு அட்டவணை போடுங்கள். "சுவர் இருக்க வேண்டிய இடத்தில் பழைய படம் இழுபட்டுத் தெரிகிறது" என்று ஒரு பிள்ளை சொல்லியிருந்தால் தலைப்பு அதுதான். டெக்ஸ்சர் (சுவரில் ஒட்டும் படம்) விடுபட்டது என்ற விளக்கம் உள்ளே இருக்கட்டும், அது தெரிந்தவருக்குக் கையேடே தேவையில்லை.

நுளம்புவலை:

ஆக்ஷன், திங் அட்டவணைகளைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம் ப்ரோ. எடிட்டரோடு வருகிற கொன்ஃபிகரேஷன் கோப்புகளைத் திறந்து பாருங்கள், ஒவ்வொரு ஆக்ஷனின் எண்ணும் தலைப்பும், ஒவ்வொரு திங்கின் எண், அகலம், உயரமும் வெறும் எழுத்தாகவே இருக்கும். சின்னதாக ஒரு பைதன் ஸ்கிரிப்ட் எழுதி அட்டவணையை எடுத்துக்கொண்டால் 3001 இம்ப், 3004 ஸொம்பிமேன் எல்லாம் பிழையில்லாமல் வந்துவிடும், விளக்கத்தை மட்டும் நீங்கள் எழுதலாம். டூமின் மூல நிரலை 1997இலேயே வெளியிட்டுவிட்டார்கள், கையேட்டு வரி ஒன்றில் சந்தேகம் வந்தால் அதைத் திறந்து பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. ஸ்கிரீன்ஷொட்டை ஃப்ரீடூமிலிருந்தே எடுங்கள், அதன் உரிமம் தாராளமான பிஎஸ்டி, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

பெட்டி வருவது எழுத்துரு விஷயம். பிடிஎஃப்பை பான்டொக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் செய்கிறீர்கள் என்றால் பிடிஎஃப் எஞ்சினாக ஸீலாடெக்கைக் கொடுத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு எழுத்துருவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். நிரல் கட்டங்களுக்குள் தமிழ் எழுதாதீர்கள், அங்கே வருகிற சம அகல எழுத்துருக்கள் அநேகமானவற்றில் தமிழே கிடையாது.

வெள்ளவத்தை வாசி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன சட்டகத்தில் கதவை மட்டும் திரும்ப எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

ஆக்ஷன் 1: கதவு திறக்கும், காத்திருக்கும், மூடும்.
ஃபோமட்: டூம். யூடிஎம்எஃப் என்றால் ஆக்ஷன் 12 பக்கத்துக்குப் போகவும்.
எங்கே: கதவு செக்டரின் இரண்டு முகக் கோடுகளிலும். குச்சி வெளியே பார்க்க வேண்டும்.
டேக்: தேவையில்லை.
நடப்பது: பக்கத்துக் கூரைகளில் ஆகத் தாழ்ந்ததற்கு 4 அலகு கீழே வரை உயரும். அங்கே 150 டிக் நின்றுவிட்டு மூடும். செக்கனுக்கு 35 டிக், ஆகவே நான்கு செக்கனுக்குக் கொஞ்சம் கூட.
டெக்ஸ்சர்: கதவின் படம் முகக் கோட்டின் முன்பக்க மேல் டெக்ஸ்சரில். பக்கக் கோடுகளில் டோர்ட்ராக் என்ற படம், கூடவே லோவர் அன்பெக்ட் கொடி (கோட்டின் தெரிவுப் பெட்டி). கொடி இல்லாவிட்டால் கதவு எழும்பும்போது பக்கச் சுவரும் சேர்ந்து எழும்புகிற மாதிரித் தெரியும்.
திறக்காவிட்டால்: மெப்பின் ஃபோமட்டைப் பார்க்கவும். பிறகு குச்சியைப் பார்க்கவும்.

பழைய டூம்காரன்:

நன்றாக வந்திருக்கிறது தம்பி. இரண்டு விஷயம் சேர்க்கலாம். அந்த 4 அலகு சும்மா தகவல் இல்லை. ஆட்டக்காரரின் உயரம் 56, ஆகவே பக்கத்து அறையின் கூரை தரையிலிருந்து 56இல் இருந்தால் கதவு 52 மட்டும்தான் திறக்கும், கண்ணுக்குத் திறந்த மாதிரி இருக்கும், ஆள் போக ஏலாது. ஆகக் குறைந்தது 60 வேண்டும் என்று "திறக்காவிட்டால்" வரிக்குக் கீழே "திறக்கிறது, நுழைய முடியவில்லை" என்று ஒரு வரி போடுங்கள். மற்றது, இந்தக் கதவை அரக்கர்களும் திறப்பார்கள். திறக்கக் கூடாது என்றால் அந்தக் கோட்டில் சீக்ரட் கொடி போட வேண்டும், கேமுக்குள் வரும் வரைபடமான ஆட்டோமெப்பிலும் அது வெறும் சுவராகத்தான் தெரியும்.

அப்புறம், சுவிட்சால் திறக்கிற 63க்கு வரும்போது டேக் வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். சொக்கலேட் டூம் மாதிரிப் பழைய நடத்தையை அப்படியே வைத்திருக்கிற எஞ்சினில் டேக் 0 என்று விட்டால் டேக் இல்லாத அத்தனை செக்டரும் கதவு மாதிரி நகரப் பார்க்கும். "சுவிட்சை அழுத்தினால் கூரையெல்லாம் அசைகிறது" என்று வொய்ஸ் வந்தால் அதுதான்.

வெள்ளவத்தை வாசி:

அந்த வொய்ஸ் ஏற்கெனவே வந்திருக்கிறது அண்ணா, கேமில் பிழை என்று நினைத்து விட்டுவிட்டேன். 63ஐ இன்றைக்கே எழுதுகிறேன்.