டிரைவர் குறிப்பில் சிஎச்341 மட்டும் இருக்கிறது, என் போர்டில் இருப்பது சிஎச்340: திருத்தி அனுப்பலாமா?

மஞ்சக்குப்பம் சனிக்கிழமை வகுப்பு, கடலூர்

வணக்கம். சனிக்கிழமை மாலையில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணு போர்டில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். இருப்பது 2 ஜிபி ராம் உள்ள ஒரே ஒரு பழைய டெஸ்க்டாப், அதனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை நானே சுருக்கிக் கம்பைல் செய்தேன். கெர்னலில் எது எது வேண்டும் என்று தேர்வு செய்யும் மெனுகான்ஃபிக்கில் யூஎஸ்பி சீரியல் பகுதிக்குப் போய், ஒவ்வொரு டிரைவருக்கும் உள்ள உதவிக் குறிப்பைப் படித்துப் படித்து, தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பிள்ளைகளிடம் இருப்பதெல்லாம் விலை குறைந்த நானோ போர்டுகள். அவற்றில் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிப்பின் மேல் சிஎச்340 என்று அச்சிட்டிருந்ததை லென்ஸ் வைத்துப் பார்த்து முன்பே எழுதி வைத்திருந்தேன். ஆனால் மெனுவில் 340 என்று எங்கேயும் இல்லை. வின்சிப்ஹெட் சிஎச்341 என்று ஒன்று இருந்தது, உள்ளே போய்ப் பார்த்தால் குறிப்பிலும் 341 அடாப்டர் வைத்திருப்பவர்கள் இதைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் இருந்தது. சரி, நம்முடையது இல்லை என்று எடுத்துவிட்டேன்.

இரண்டு சனிக்கிழமை வீணாகப் போனது. யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை போட்டால் போர்டு தெரிகிறது, அதோடு பேசுவதற்கான சீரியல் போர்ட் டிடிஒய்யூஎஸ்பி0 மட்டும் வரவே இல்லை. கேபிளை மாற்றினேன், போர்டை மாற்றினேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து அழுதேவிட்டாள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில் எல்எஸ்யூஎஸ்பி காட்டிய 1ஏ86:7523 என்ற எண்ணில் பின்பாதியைக் கெர்னல் மூலநிரலில் தேடினேன். அதே சிஎச்341 டிரைவருக்குள் இருக்கிறது!

இந்தக் குறிப்பில் 340 என்று சேர்த்து கெர்னல் பராமரிப்பாளர்களுக்குப் பேட்ச் (திருத்தக் கோப்பு) அனுப்பலாமா? நிரலில் ஒரு வரியும் மாறாது. இவ்வளவு சின்ன திருத்தத்தை எடுத்துக்கொள்வார்களா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அனுப்புங்கள் சார், எடுத்துக்கொள்வார்கள். உதவிக் குறிப்பும் கெர்னலின் பகுதிதான். அந்த மெனுவுக்கு மூலமான கேகான்ஃபிக் கோப்பில் ஒரு டிரைவரைப் பற்றி மனிதர்கள் படிக்க எழுதியிருப்பது மெனுத் தலைப்பும் இந்தக் குறிப்பும்தான், மற்றதெல்லாம் பெரும்பாலும் எது எதைச் சார்ந்தது என்ற கணக்கு. அதை நம்பித் தேர்வு செய்தவரை அது கைவிட்டால் பிழை குறிப்பில்தான், உங்களிடம் இல்லை.

எது உண்மை என்பதற்கு டிரைவர் கோப்பில் உள்ள ஐடி அட்டவணைதான் சாட்சி, அந்த டிரைவர் ஏற்கும் சாதன எண்களின் பட்டியல் அது. சாதனத்தைச் செருகும்போது கெர்னல் குறிப்பைப் படிப்பதில்லை, அந்த எண்களைத்தான் ஒப்பிடுகிறது. எண் ஒன்று புதிதாகச் சேரும்போது சேர்ப்பவர் பெரும்பாலும் டிரைவர் நிரல் உள்ள சி கோப்பைத் திருத்திவிட்டுப் போய்விடுவார், கேகான்ஃபிக் பக்கத்திலேயே இருந்தாலும் தொட மாட்டார். இப்படித்தான் இரண்டும் விலகுகின்றன. ரியல்டெக் நெட்வொர்க் டிரைவரைப் பாருங்கள், மாட்யூல் (தேவைப்படும்போது ஏற்றும் டிரைவர் கோப்பு) பெயர் ஆர்8169 என்றே இருக்கிறது, ஆனால் மெனுத் தலைப்பில் 8169, 8168, 8101, 8125 எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் பேட்சும் அப்படி இருந்தால் போதும், மாட்யூல் பெயரைத் தொடாதீர்கள்.

உள்தள்ளலைக் கவனியுங்கள், குறிப்பு வரிகள் ஒரு டேபும் இரண்டு இடைவெளியும் விட்டுத் தொடங்க வேண்டும். பேட்சின் வடிவப் பிழைகளைக் காட்டும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள், யாருக்கு அனுப்புவது என்று கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு என்று உங்கள் பெயரோடு உறுதி சொல்லும் சைன்ட்-ஆஃப்-பை வரி கட்டாயம். எச்டிஎம்எல் மின்னஞ்சலாகப் போனால் கெர்னலின் மின்னஞ்சல் பட்டியல் ஏற்காது, வெறும் எழுத்தாக அனுப்பும் கிட் சென்ட்-இமெயில் கட்டளையிலேயே அனுப்புங்கள்.

நெல்லிக்குப்பம்

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. உபுண்டு போன்ற டிஸ்ட்ரோக்கள் தரும் கெர்னலில் இவையெல்லாம் மாட்யூலாகவே வருகின்றன, பெரும்பாலோர் அந்த மெனுவைப் பார்ப்பதே இல்லை. குறிப்பில் சிப் பெயர்களை அடுக்கத் தொடங்கினால் அது பழசாகிக்கொண்டே இருக்கும், இன்று சரியாக இருப்பது நாளை இன்னொருவரை ஏமாற்றும். அடுத்த முறை போர்டைச் செருகி வைத்துவிட்டு லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூல்களைப் பார்த்து அதுவே எடுத்துக்கொள்ளும். மாட்யூலின் விவரம் காட்டும் மாட்இன்ஃபோ கட்டளை போட்டாலும் எண்கள் வந்துவிடும்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அண்ணா, லோக்கல்மாட்கான்ஃபிக் நல்ல வழிதான், ஆனால் அன்றைக்குச் செருகியிருப்பதை மட்டும்தான் அது பார்க்கும். அடுத்த மாதம் பிள்ளைகள் வேறு போர்டு கொண்டுவந்தால்? பழசாகும் என்பதற்காக இன்று தவறாக இருப்பதை அப்படியே விட முடியாது. மெனுவைப் படிப்பவர்கள் குறைவுதான், ஆனால் பழைய கணினிக்கும் சின்ன ரவுட்டருக்கும் கெர்னலைச் சுருக்குகிறவர்கள் அவர்கள்தான்.

லாசுப்பேட்டை

சேர்ப்பதில் எனக்கும் சம்மதம், எவ்வளவு சேர்ப்பது என்பதில் மட்டும் எச்சரிக்கை. சிஎச்34எக்ஸ் என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். சிஎச்343, சிஎச்9102 இரண்டும் அதே நிறுவனத்தின் சிப்கள்தான், ஆனால் அவை சிடிசி ஏசிஎம் என்ற பொது யூஎஸ்பி சீரியல் வகைச் சாதனமாக வருவதால் அவற்றை எடுத்துக்கொள்வது வேறு டிரைவர். பொதுவாக எழுதினால் இன்னொரு ஊரில் இன்னொரு ஆசிரியர் இரண்டு சனிக்கிழமையை இழப்பார்.

340 என்று எழுதினாலும் எல்லாம் ஒன்றுபோல் நடக்கும் என்று பொருள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில 340 சிப்களுக்கு, சீரியல் வரியைச் சற்று நேரம் தாழ்த்தி வைக்கும் பிரேக் சமிக்ஞையை அனுப்பத் தெரியாது, டிரைவர் அதை வேறு வழியில் பாவனை செய்கிறது. அதெல்லாம் நிரலில் இருந்தால் போதும், குறிப்புக்கு வேண்டாம்.

அகலமாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த எண்ணிலேயே உதாரணம் உண்டு. பார்வையற்றோருக்கான ஒரு பிரெயில் காட்சிக் கருவியிலும் இதே சிப் இருப்பதால், அத்தகைய கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருளின் யூடெவ் விதியில் (சாதனத்தைச் செருகியதும் என்ன செய்வது என்று சொல்லும் விதி) 1ஏ86:7523 இருந்தது. உபுண்டு 22.04 வந்தபோது ஆர்டுயினோ போர்டைச் செருகியதும் அந்த மென்பொருள் பிரெயில் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டது, சீரியல் போர்ட் வந்த வேகத்தில் மறைந்தது. உங்கள் டெஸ்க்டாப்பில் உபுண்டு இருந்தால் அதையும் ஒரு முறை பாருங்கள்.

மஞ்சக்குப்பம் சனிக்கிழமை வகுப்பு, கடலூர்

எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் சிஎச்340, சிஎச்341 என்று இரண்டை மட்டும் எழுதுகிறேன், குறிப்பிலும் அவை இரண்டே. பேட்சோடு போகும் விளக்கமான கமிட் செய்தியில் எந்த எண் அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறது, நான் எந்தப் போர்டில் சோதித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 341 சிப் உள்ள போர்டு என்னிடம் இல்லை, பாண்டியில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து சோதித்துவிட்டு அப்புறம் அனுப்புகிறேன்.

லாசுப்பேட்டை

என்னிடம் ஒன்று இருக்கிறது, இபிராம் என்ற நினைவகச் சிப்பில் தரவு எழுதும் கருவி. ஜம்பரை மாற்றினால் சீரியலாக வரும், எண் 5523. காலையிலேயே வாருங்கள் சார்.