மறுமொழி: நாவல் கோப்புகளில் ‘வெர்ஷன்’ - பதிப்பா, வரைவா, படியா?

நண்பர்களே,

நாவல் எழுதும் மென்பொருளின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். மற்ற சொற்களெல்லாம் முடிந்தன. வெர்ஷன், அதாவது ஒரு கோப்பை மாற்றிச் சேமிக்கும் ஒவ்வொரு நிலையின் பெயர், மட்டும் நிற்கிறது.

> கணினியில் ‘பதிப்பு’ நிலைத்துவிட்டது. ஏன் மாற்ற வேண்டும்?

நிலைத்தது உண்மைதான். ஆனால் நாவலாசிரியருக்கு மூன்றாம் பதிப்பு என்றால் புத்தகம் மூன்றாம் முறை அச்சேறியது என்று பொருள். கதையே முடியாதபோது ஏழாம் அத்தியாயத்தின் பக்கத்தில் அதை எப்படிப் போடுவது?

> ‘வரைவு’ போதும். அகத்திணையில் வரைவு என்றால் திருமணம்...

ஐயா, வரைவு கடாதலில் (தலைவனைத் திருமணத்துக்கு வற்புறுத்துவதில்) தொடங்கி மலை, எல்லை, மூங்கில் வரை ‘வரை’யை நீங்கள் விரித்ததை ரசித்துப் படித்தேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வரைவு என்பது முழு நாவலுக்கும் ஒரு சுற்று. முதல் வரைவை முடித்து, கொஞ்ச நாள் ஆறப்போட்டு, இரண்டாம் வரைவைத் தொடங்குகிறோம். அந்த இரண்டாவதற்குள்ளேயே ஒரே அத்தியாயத்தை நாலைந்து விதமாக மாற்றிச் சேமிக்கிறோம். இரண்டையும் வரைவு என்றே அழைத்தால் ‘வரைவு-02’ என்ற கோப்பு எதைக் குறிக்கும்? ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘கடைசி இறுதி’ என்று கோப்புகள் பெருகுவது இந்தக் குழப்பத்தால்தான்.

இங்கே முன்மொழிந்த ‘பாடம்’ எனக்கும் பிடிக்கும். சுவடிகளை ஒப்பிட்டவர்கள் ஒன்றில் மாறுபட்டிருந்த சொல்லை ‘என்றும் பாடம்’ என்று அடிக்குறிப்பில் எழுதியது இதே வேலைக்குத்தான். வடசொல் என்ற மறுப்பை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் இன்றைய காதுக்குப் பாடம் என்றால் வகுப்பறை.

என் வாக்கு ‘படி’க்கு. நகல், படிக்கட்டு என்ற இரண்டு பொருளும் இங்கே பொருந்துகின்றன. கையெழுத்துப் படி, படியெடுத்தல் எல்லாம் புழங்கும் சொற்கள். தனியாக நின்றால் ‘வாசி’ என்ற கட்டளை ஆகிவிடும் என்கிறீர்கள். சரி, ‘புதிய படி’, ‘மூன்றாம் படி’ என்று அடையோடு போட்டால் அந்தக் குழப்பம் வராது. ‘பழைய படிக்குத் திரும்பு’ என்ற பொத்தானைப் பாருங்கள்: பழையபடி ஆகிவிடு என்றும் அது கேட்கிறது, பொத்தான் செய்வதும் அதையேதான்.

கோப்புப் பெயரில் எண்ணுக்குப் பதில் க, ங, ச என்று வைக்கச் சொன்னவருக்கு: கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடில் ‘ன’ நம் அகரவரிசைப்படி கடைசியில் இல்லை, ‘ந’வுக்கு அடுத்து நிற்கிறது. குறியீட்டு வரிசையில் அடுக்கும் நிரல்களில் அத்தியாயங்கள் இடம் மாறும். 01, 02 என்று பூச்சியத்தோடு எழுதுவதே பாதுகாப்பு. பூச்சியம் இல்லையென்றால் சில நிரல்கள் 10-ஐ 2-க்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும்.

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘வரைவு’ பக்கம். வியாழன் இரவு வரை பார்க்கிறேன். யாரும் மனம் மாறாவிட்டால் முழு நாவலின் சுற்று, சேமித்த நிலை என்ற இரண்டு இடத்திலும் ‘வரைவு’ என்றே போட்டு அனுப்புகிறேன். ‘படி’க்கான என் வாதத்தைச் சொற்பட்டியலின் குறிப்பில் எழுதி வைக்கிறேன், அடுத்த வெளியீட்டில் மறுபடி கேட்பேன்.